கடி: இல்லை

படிவத்தில் பெயர் கிடையாது.
ஆண். ஐம்பத்தெட்டு.
அஞ்சல் குறியீட்டின் முதல் இரண்டு எண்கள்.
தொழில்: நீர்த்தேக்கப் பூங்கா, குப்பைத்தொட்டி.
(கழுவுபவரா பூட்டுபவரா தெரியவில்லை,
கட்டத்துக்குள் இடம் அவ்வளவுதான்.)
கடி: ஆம். இடது முன்கை.
பதினான்கு வருடத்துக்கு முன், மூன்று தையல்.

அவருடைய வெள்ளணுக்களை
வளர்ப்புத் தட்டில் விட்ட இருபத்திரண்டாம் இரவு
ஓரத்துச் செல்கள் ஒன்றோடொன்று கரைந்து
உள்ளே குமிழி, குமிழிக்குள் குமிழி,
கோப்பிக்கடையில் கை உயர்த்தி இழுத்து ஊற்றிய
தே தாரிக்கின் மேல்பரப்பு.

நுரை.

ஹுவீ சினைக் கூப்பிட்டேன்.
நுண்ணோக்கியில் குனிந்தவள் வெகுநேரம் நிமிரவில்லை.
பிறகு ஹொக்கியனில் ஏதோ சொன்னாள்.
அவள் அம்மா முன்னால் சொல்லக்கூடாத வார்த்தையாம்.

மூலத்திலிருந்து நகல் எடுப்பது
உடம்பின் அலுவலக நடைமுறை.
இது நகலோடு வந்து
மூலத்தில் ஒரு பக்கம் சேர்த்துத் தைத்துவிட்டுப் போகிறது.
வீவக வீட்டில் ஓர் அறை வாடகைக்கு வந்தவன்,
விடிந்து பார்த்தால்
வீட்டுப் பத்திரத்தில் அவன் பெயர்.

பதின்மூவாயிரம் எழுத்து. படித்து முடித்தோம்.
மண்டாய்ப் பக்கத்துக் குரங்குகளின் வாயில் இருப்பதோடு
நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று ஒத்துப்போனது.
பங்காளி. ஆனால் ஒரே வீட்டுப் பங்காளி இல்லை.
மிச்சம் ஒன்பது
இன்னும் யாரும் பஞ்சு நீட்டாத
ஏதோ ஒரு வாயில் இருக்கிறது,
இந்நேரம் ஒரு ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருக்கும்.

அவருக்கு என்ன நோய்?
ஒன்றுமில்லை. கொஞ்சம் சர்க்கரை.
அது சோற்றுக் கணக்கு, வைரஸ் கணக்கில் வராது.

டாக்டர் விமலசூரிய கூட்டத்தில் சொன்னார்:
ஒருவரிடம் இருந்தால் வழி தப்பிய குரங்கு வைரஸ்.
மனித வைரஸ் என்று எழுத
இன்னொரு மனிதர் வேண்டும்.
சொல்லிவிட்டு விளக்கை அணைத்துப் போனார்,
நாங்கள் உள்ளே இருந்தது மறந்து.

பிப்ரவரியில் வந்தது.
பெண். ஐம்பத்தாறு. அதே இரண்டு எண்கள்.
தொழில்: பள்ளி உணவகம், மீ கோரெங்.
கடி: இல்லை.
கீறல்: இல்லை.
குரங்குக்கு உணவு தந்ததுண்டா: இல்லை.
இந்தக் கேள்விகளே பிடிக்காதவர்போல
பேனா அழுந்தி
மூன்றாவது இல்லையில் தாள் பொத்தல்.

பதின்மூவாயிரத்தில்
இரண்டு எழுத்துதான் வேறு.

ஹுவீ சின் ஆய்வகத்தில் திறக்கக்கூடாத பிஸ்கட்டை
வெளியே ஓடித் திறந்தாள்.
நான் கையுறையைக் கழற்றாமல் நின்றேன்.

எங்கள் வீட்டில் உதடு படாமல்
அண்ணாந்து குடிக்கப் பழக்கினார்கள்.
சட்டை நனைய நனையப் பழகினேன்.
எச்சில் என்ற ஒரு சொல்லில்
அடுத்தவர் பாதி உடம்பை விலக்கி வைக்கிற குடும்பம்.
இவர்கள் பழகவில்லைபோல.
ஒரே குவளை, ஒரே கரண்டி,
புளிக்கிறதா என்று கடித்துப் பார்த்துத் தந்த ரம்புத்தான்.
தையல் பிரித்த இரவில் என்னவோ,
அது எனக்குத் தெரியவேண்டியதில்லை.

கட்டுரையில் இப்படி எழுதியிருக்கிறோம்:
மனிதரிடமிருந்து மனிதருக்கு,
அநேகமாக உமிழ்நீர் வழி.
அநேகமாக என்பதை
விமலசூரிய இரண்டு முறை அடிக்கோடிட்டார்.
பெயரைத் திறக்கலாமா,
அவர்களிடம் சொன்னால் எந்தச் சொல்லில் சொல்வது என்று
குழு மே மாதம் கூடுகிறது.
தீங்கு இதுவரை அறியப்படவில்லை
என்கிற வரி தயாராக இருக்கிறது.
அதைப் படித்துவிட்டு
அவர் குவளையை மாற்றிக்கொள்வாரா, அவள் மாற்றிக்கொள்வாளா?

நேற்று இரவு உறைபெட்டியைத் திறந்தேன்.
கழித்தல் எண்பது. மூச்சு வெள்ளையாய் முன்னால் நின்றது.
விதிப்படி எண் வரிசை:
அவர் மேல்தட்டில், அவள் ஐந்து தட்டு கீழே.
இரண்டு குழாயையும் ஒரே தட்டில் வைத்தேன்,
பக்கத்துப் பக்கத்துக் குழியில்.

பதிவேட்டில் இடமாற்றக் காரணம் எழுதவேண்டும்.
இடவசதி என்று எழுதினேன்.